கதவோரத்துக் கப்புகள்

சூளைக் கதவின் கைப்பிடியில் தைல வாசனை அடித்தது. ஜயா மூக்கைச் சுளித்துக்கொண்டு கொளஞ்சியம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். மார்கழி பிறந்தால் அந்த மணத்தோடுதான் அவள் வேலைக்கு வருவாள்.

கொளஞ்சியம்மாள் வலது காலை மடக்க முடியாமல் சுவரில் சாய்ந்து நின்றாள். பழைய ஸ்வெட்டர் கையை வெட்டி முட்டியில் மாட்டியிருந்தாள். பட்டறை முதலாளியான ஜயாவுக்கு அதைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. சம்பளத்துக்கு வருகிறார்களா, வைத்தியத்துக்கு வருகிறார்களா?

சூளைக்குள் இருந்தவை வேப்பூர் ஓட்டல் ஒன்றுக்குப் போகவேண்டிய டீ கப்புகள். நேற்று இரவு அணைத்த சூளையை இன்று மத்தியானம்தான் திறக்கவேண்டும். பீங்கான் மெல்ல மெல்ல ஆறவேண்டும். நடுவில் குளிர்காற்று பட்டால், பட்ட பக்கம் மட்டும் முந்திக்கொண்டு சுருங்கி விரிசல் விட்டுவிடும்.

இப்போது கதவோரத்து வரிசை மட்டும்தான் விரிசல் விட்டுப் போயிருந்தது. பின்வரிசைகளுக்கு ஒன்றுமில்லை. யாரோ கதவைத் திறந்து வைத்துக் குளிர்காய்ந்திருக்கிறார்கள் என்பது ஜயாவுக்குப் புரிந்துவிட்டது.

சூப்பர்வைசர் ஸ்டான்லி தரையில் குந்தி, கப்புகளை ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல கப் என்றால் மணிபோல ஒலிக்கும். இவை ஓட்டுச்சில் மாதிரி 'டொக்' என்றன.

"நான் எட்டு மணிக்கு வரேன் மேடம், கதவு ஒரு சாண் தொறந்து கெடக்குது. அதுக்கு முன்னாடி வந்தது இது ஒண்ணுதான்."

"நான் வெளிய முத்தத்துல நடந்துட்டிருந்தேன் மேடம்" என்றாள் கொளஞ்சியம்மாள். "குந்துனா முட்டி புடிச்சிக்கும். நடந்தாத்தான் கொஞ்சங் கொஞ்சமா வுடும்."

"கருவேப்பிலங்குறிச்சியிலேருந்து நடக்கறதுக்கா பஸ் ஏறி வர்ற?" என்றாள் ஜயா.

ஸ்டான்லி சிரித்தான். "நடக்கறாளாம்! மூட்டுக்குள்ள எண்ணெ மாதிரி ஒரு தண்ணி இருக்குது மேடம். குளுருல அது கெட்டியாயிடும். இருவது நிமிஷம் நல்லா சூடு காட்டுனா எளகிடும், கதவுக் கீலு கணக்கா மடங்கும். அந்தச் சொகத்துக்குத்தான் இவ கதவத் தொறந்திருக்கா."

"வலி கண்டவங்களுக்குத்தான் தெரியும் சார்."

"எனக்கு மட்டும் என்ன இரும்பு முட்டியா? மார்கழி ஆனா பத்து மணி வரைக்கும் கட்டை கணக்கா நிக்குது. நேத்துகூட தைலம் தேச்சிக்கிட்டு ஸ்டூல் போட்டுத்தான் வேல பாத்தேன், மேடமே பாத்தாங்க. அதுக்காக நான் சூளையத் தொறந்தேனா?"

"கேட்டுக்கோ" என்றாள் ஜயா. இதே வலியோடு ஒருவன் முறைப்படி வேலை பார்க்கிறான். இன்னொருத்திக்கு முதலாளியின் சூளை வேண்டியிருக்கிறது. இந்த ஜனங்களுக்கு இரக்கமே காட்டக்கூடாது.

"மேடம், இந்த வேலய வுட்டா எனக்கு வேற கதியில்ல. அச்சுல மண்கொழம்பு ஊத்தறதத் தவர ஒண்ணும் தெரியாது."

"நாளையிலேருந்து வரவேணாம். வூட்டுல அடுப்புப் பக்கத்துல படுத்துக்கோ. அங்க உடைய ஒண்ணும் இருக்காது."

ஸ்டான்லி குந்தியபடியே நகர்ந்து அடுத்த கப்பை எடுத்தான். சட்டென்று எழுந்து அதை வெளிச்சத்தில் காட்டினான். "பாருங்க மேடம், அடிவரைக்கும் ஓடியிருக்குது." மறுபடி குந்தினான்.

கொளஞ்சியம்மாள் டிபன் பையை எடுக்கக் குனிந்தாள். கால் மடங்கவில்லை. சுவரைப் பிடித்து, பல்லைக் கடித்து, விரல் நுனியால் பையின் காதை இழுத்தாள். ஜயா அலுப்போடு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"என்ன நாடகம் இது? கெளம்பு. எனக்கு நேரமாகுது."

பை கைக்கு வந்துவிட்டது. ஆனால் கொளஞ்சியம்மாள் நகரவில்லை. கீழே இருந்த ஸ்டான்லியையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"மணி எட்டரதான மேடம் ஆவுது, அவரு முட்டிய மட்டும் யாரு எளக்கி வுட்டது?"