மூன்றாவது சாம்பிள்

மத்தியான பஸ்ஸில் சேலத்து லேப் கவர் வந்ததும் நின்றபடியே கிழித்தேன். டாக்டர் பார்ப்பதற்குள் வார்டு நர்ஸான நான் பார்த்துவிட வேண்டும். அத்தாயியின் முகத்தில் அதை விட்டெறிய வேண்டும்.

அவள் மகள் ராசாத்தி, எஸ்டேட் லைன் வீட்டில் ஸ்டவ் வெடித்து எங்கள் வார்டுக்கு வந்தவள். முதுகெல்லாம் தீப்புண். பத்து நாளில் ஆறிக்கொண்டுதான் வந்தது.

பிறகு ஒரு நாள் கட்டைப் பிரித்தால் பச்சைச் சீழ். அழுகின பலாச்சுளை வாடை.

காரணம் எனக்குத் தெரியும். சேர்வராயன் கோயில் குகைத் தீர்த்தத்தை பாட்டிலில் கொண்டுவந்து, மகள் மேல் தெளித்துக்கொண்டிருந்தாள் அத்தாயி. கையும் களவுமாகப் பிடித்து, புண் கழுவும் மருந்து வாளியைக் காட்டிக் கத்தினேன்.

"பெத்த புள்ளய நீயே கொல்றியே! இந்த வாளியில இருக்கறதுதான் மருந்து. உன் சாமித் தண்ணி இல்ல!"

வார்டே திரும்பிப் பார்த்தது. அவள் கண் அந்த வாளிக்குப் போனது.

சாட்சி வேண்டுமே. புண்ணிலிருந்து ஒன்று, தீர்த்தத்திலிருந்து ஒன்று, சாம்பிள் எடுத்தேன். லேப் கொடுத்த டப்பாவில் மூன்று குழாய்கள். ஒன்று காலியாகப் போவானேன் என்று, புண் கழுவும் வாளியிலிருந்தும் கொஞ்சம் ஊற்றி அனுப்பினேன்.

அதன் ரிப்போர்ட்தான் இப்போது கையில். புண்ணில் சூடோமோனாஸ் கிருமி. சதையை அரிக்கிற ரகம். ஜென்டாமைசின் உட்பட எட்டு மருந்துக்கும் அடங்கவில்லை.

தீர்த்தத்தில் அந்தக் கிருமி இல்லை.

வாளியில் இருந்தது. அதே கிருமி. அதே எட்டுக்கும் அடங்காதது.

பதிமூன்று வருஷமாக அந்த வாளியில் மருந்து கலக்குவது நான். குறைந்தால் பழசின் மேலேயே புதிதை ஊற்றி நிரப்பிவிடுவேன். கொட்டிக் கழுவியதில்லை. "மருந்துக்கு எதுக்குடி குளியல்?" என்று புதிதாக வந்த நர்ஸைக் கேலி வேறு செய்திருக்கிறேன்.

இப்போது யாரை அறைவது?

நிமிர்ந்தால் எதிரே அத்தாயி. கையில் அதே பாட்டில். கோபத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது. வெடுக்கென்று பிடுங்கினேன்.

"கோவிச்சுக்காதீங்க சிஸ்டரம்மா. சாமி தண்ணிய அன்னிக்கே கீழ ஊத்திப்புட்டனுங்க. இது உங்க வாளி மருந்துங்க. எரியுதுன்னு புள்ள அழுவறப்பெல்லாம் கட்டு மேல நனச்சு உட்டனுங்க."

பாட்டிலின் அடியில் ஒரு விரற்கடைதான் மிச்சம் இருந்தது.