வெள்ளித் தகட்டில் இரண்டு தாராக்கள்

வெக்ஸ்போர்ட் நகர மண்டபத்தில் பழைய துவக்குகளின் கண்காட்சி. யோசப் பல வருடங்களாகப் படத்தில் மட்டுமே பார்த்து ஏங்கிய இரட்டைக் குழல் வேட்டைத் துவக்கு, இப்போது அவன் முன்னால் பச்சைத் துணியில் கிடக்கிறது. யன்னலால் வரும் பனி வெளிச்சத்தில் அதன் மரப்பிடி தேன் நிறத்தில் மின்னுகிறது. அதன் பக்கவாட்டில் பதித்த வெள்ளித் தகட்டில், செதுக்கிய இரண்டு தாராக்கள் நாணலை விட்டு எழும்புகின்றன. விற்கிற வெள்ளைக்காரக் கிழவர் தலையசைக்க, யோசப் அதைத் தூக்கி, குழலை மடக்கித் திறந்து மூடுகிறான். கதவுப் பூட்டு விழுவது போல ஒரு மெல்லிய சத்தம். அவனுக்கு வாயெல்லாம் பல். பின்னால் மனைவி அன்ரனெற் கைப்பையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தபடி நிற்கிறாள். சண்டைக் காலத்தில் மன்னாரில் துவக்கைக் கண்டால் ஓடி ஒளிந்தவள். வீட்டுக்குள் துவக்கு ஒன்றும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் கூட வந்திருக்கிறாள்.

“வெறுந் துவக்குத்தான், தோட்டா இல்லை. இந்தத் தாராவை ஒருக்காப் பாருமன்,” என்கிறான் யோசப்.

அவள் மெல்லக் குனிகிறாள். விரல் நுனி ஒரு சிறகின் மேல் ஊர்கிறது.

“இறகெல்லாம் தனித்தனியா வெட்டியிருக்கினம்.”

கைப்பையை அவன் தோளில் கொழுவிவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டுகிறாள். துவக்கு கை மாறுகிறது.

“பாரமோ?”

“ஓம்,” என்கிறாள். ஆனால் திருப்பிக் கொடுக்கவில்லை.