இடது கன்னத்து மச்சம்

லினோ தகட்டில் கணவன் செதுக்கி எடுக்கும் அச்சுப் படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டுவது அவள் வேலை. இன்று வந்தது ஒரு பெண் முகம், கன்னத்தில் மச்சத்தோடு.

"நானாங்க இது?" அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"பின்ன வேற யாரு?" மை உருளையைக் கழுவிக்கொண்டே சொன்னான்.

"எனக்கு வலது கன்னத்துல மச்சம். இதுல இடது பக்கம் இருக்கே?"

"செதுக்கினது தாள்ல இடம் வலம் மாறித்தானே விழும்! இத்தனை வருஷமாத் தெரியாதா?"

அதுவும் சரிதான். அந்தத் தடித்த கோடுகளில் ஜாடை எங்கே பிடிபடுகிறது! உதட்டுக்குச் சிவப்பை ஆசை ஆசையாய்ப் பூசினாள். முகத்துக்குப் பின்னாலிருந்த கடைப் பலகைக்கு மஞ்சளைத் தொட்டவள், அப்படியே நின்றாள்.

பலகையின் எழுத்துகள் நேராக இருந்தன. படத்தைத் திருப்பிப் போட்டுத்தான் செதுக்கியிருக்கிறான்.

"ஏங்க, கடைப் பேரு மாறலை. அப்போ மச்சமும் மாறலை. ஆளுதான் மாறியிருக்கு, இல்லையா?"

கழுவிய உருளையை அவன் மறுபடியும் கழுவினான்.