பூச்சு விற்பவனின் வாய்

வாயைத் திறந்ததுமே வீச்சம் முகக்கவசத்தைத் தாண்டி டாக்டரம்மாவின் மூக்கில் ஏறுகிறது. நாற்காலியில் மல்லாந்திருக்கும் ஆசாமி, செயற்கைப் பல்லைத் தாங்கத் தாடையில் பதிக்கும், நானோ பூச்சுப் பூசிய திருகாணிகளை அவளிடம் விற்கிறவன். “கிருமி கிட்டவே அண்டாது” என்று போன வாரம்கூட இதே வாய்தான் அளந்தது. அவன் தாடையில் இருப்பதும் அதே சரக்கு. இடுக்கி பட்டதும், திருகாணி சேற்றில் நட்ட குச்சிபோலக் கையோடு வந்துவிடுகிறது. குழியிலிருந்து சீழ் பொங்கி ஈறில் வழிகிறது. வெள்ளை வெளிச்சத்தில், திருகாணியின் புரிகளுக்கிடையே மஞ்சளாய்க் கொழகொழப்பு. அவள் அதைத் தட்டில் போடுகிறாள். அவனோ ரத்தத்தைத் துப்பிவிட்டு, மரத்த உதட்டைக் கோணிச் சிரிக்கிறான். “வெளியில சொல்லிடாதீங்க டாக்டரம்மா.” கடைவாயைத் துடைத்த அதே விரலால் பையைத் துழாவி, பளபளக்கும் புதுப் பெட்டியை நீட்டுகிறான். “உங்க அப்பாவுக்குப் போடக் கேட்டீங்களே, கொண்டாந்துட்டேன்.”