வண்டிக்கு ஒரு மூடி

டக், டக்.

ரம்பத்தை அப்படியே போட்டுவிட்டு பிளம்பர் கேட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். தெருவோரம் நின்ற பிக்கப் வண்டியின் பின்பக்கம் காலியாகக் கிடந்தது.

"நான்தாங்க," என்று முதுகுக்குப் பின்னால் மனைவியின் குரல் கேட்டது. அவர் திறந்தே போட்டிருந்த பசை டப்பாவை மூடி, உள்ளங்கையால் தட்டி அமுக்கிக்கொண்டிருந்தாள். "காய்ஞ்சு போயிடுமேன்னு மூடினேன். எதுக்கு இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல, வெயில்," என்று சொல்லிவிட்டு மறுபடி ரம்பத்தை எடுத்தார். வெட்டு பென்சில் கோட்டைவிட்டு விலகியது.

ஆறடி இரண்டங்குலம் நீளம், நாலே முக்காலடி அகலம். தண்ணீர் தாங்கும் பிளைவுட், அடியில் மரச்சட்டம், விளிம்பைச் சுற்றி அலுமினியப் பட்டை, மழைநீர் வழிய வால்பக்கம் அரையங்குலச் சரிவு. கடையில் சொன்னால் ஒரே நாளில் மாட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் இதை வேறொருவர் கையில் விட அவருக்கு மனம் வரவில்லை. இது நான்காவது ஞாயிறு.

எதிர்வீட்டு வெல்டர் கீல்களோடு வந்து, பலகையின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தான்.

"யப்பா! அண்ணே, வண்டிக்கு மூடி செய்றீங்களா, இல்ல மூடிக்கு வண்டி தேடுறீங்களா?"

"மழைக்குப்பா. சாமானெல்லாம் நனையுது."

"குழாய் நனைஞ்சா என்னண்ணே? அதுக்குப் பொழப்பே தண்ணியிலதானே!"

சொன்னவன் மட்டும்தான் சிரித்தான். மனைவி டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பதினாலு மாதத்துக்கு முன்புவரை அந்தப் பின்பக்கம் தம்பியின் இடம். அண்ணன் ஓட்டுவார், தம்பி குழாய்களைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து வருவான். வண்டித் தகரத்தில் ஒரு தட்டு என்றால் நில்; இரண்டு தட்டு என்றால் போகலாம். பன்னிரண்டு வருஷமாக இருவருக்கும் இதுதான் பேச்சு. அவர் ஒருநாளும் திரும்பிப் பார்த்து வண்டியை எடுத்ததில்லை.

அன்று காலை இதே வாசலில் இரண்டு தட்டு கேட்டது. வண்டியை எடுத்தார். தம்பி நின்றுகொண்டிருந்தான், கயிறு பாதிதான் கட்டியிருந்தது. தலைகுப்புற விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

"அவன் தட்டினான், நான் எடுத்தேன்," என்று துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். தம்பி மனைவி மட்டும் ஒப்பவில்லை. "கட்டு முடியாம அவர் தட்டவே மாட்டார். போனவர் மேல பழி போடாதீங்க மாமா," என்று சொல்லிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனவள் போனவள்தான்.

அதற்குப் பிறகு அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. காதில் கேட்டதா, கேட்டதாக நினைத்துக்கொண்டு தம்பியைக் கொன்றுவிட்டோமா? சந்தேகம் வந்த நாளிலிருந்து காலி வண்டியில் தட்டல் கேட்க ஆரம்பித்தது. சாவியைத் திருகினால் போதும், டக், டக். இரண்டு மெக்கானிக்குகள் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரு போல்ட்டுகூட லூசாக இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

மனைவியிடம் ஒரே ஒருமுறை சொன்னார். அவள் பாதியிலேயே எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். முன்பெல்லாம் சாப்பாட்டுப் பாத்திரத்தை வண்டியின் பின்பக்கம் கொண்டுவந்து வைத்து, மூடியை அமுக்கிவிட்டு வழியனுப்புகிறவள், அந்தச் சாவுக்குப் பிறகு கேட்டைத் தாண்டுவதில்லை. அந்த இடத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை போலிருக்கிறது என்று அவரும் விட்டுவிட்டார்.

மழையாவது, ஒன்றாவது. மூடிவிட்டால் ஏறி நிற்க இடம் இருக்காது. நிற்க இடமில்லாதவன் போய்த்தானே ஆகவேண்டும்? இதை வெல்டரிடம் எப்படிச் சொல்வது?

மாலை நாலு மணிக்கு இருவருமாகத் தூக்கி மூடியை வண்டியில் ஏற்றினார்கள். கீல் முடுக்கியாயிற்று. பூட்டு ஒரே தடவையில் விழுந்தது.

"ஸ்டார்ட் பண்ணுங்கண்ணே, ஆடுதான்னு பாத்துருவோம்," என்று சொல்லிவிட்டு, வெல்டர் தரையில் கிடந்த ஸ்பேனர்களைப் பொறுக்கக் குனிந்தான்.

அவர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். இன்ஜின் உறுமியது. மனசுக்குள் பத்துவரை எண்ணினார். சத்தமே இல்லை. பதினாலு மாதத்தில் முதல்முறையாக மூச்சு முழுசாக உள்ளே போனது.

டக், டக்.

கதவைத் தள்ளிக்கொண்டு கீழே குதித்தார். "கேட்டுச்சாடா? மூடின பிறகும் தட்டறான்டா! ஐயோ, அவனை உள்ள வச்சே பூட்டிட்டேன்டா!"

வெல்டர் குனிந்தவன் குனிந்தபடியே நின்றான். இந்த முறை அவன் காதிலும் விழுந்திருந்தது.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடிய பிளம்பர் சட்டென்று நின்றார். வண்டியின் வால்பக்கம், கேட்டுக்கு வெளியே, மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய உள்ளங்கை புது மூடியின்மேல் இருந்தது.

"இப்ப தட்டினது நான்தாங்க," என்றாள். கையை எடுக்கவில்லை.

"அன்னிக்கும் நான்தாங்க."