சண்டை நின்ற வீடு

"இன்னும் இரண்டு ஆண்டுகள்" என்று கழிப்பறைச் சுவரில் எழுத்து ஒளிர்ந்த நாளோடு பால்துரையின் வீட்டில் சண்டை நின்றுபோனது. சிறுநீரில் உள்ள கிருமிகளைப் பார்த்து வயதானவர்களின் ஆயுளைச் சொல்லும் கழிப்பறை அது. தூத்துக்குடியில் இப்போது எல்லா வீட்டிலும் அதுதான்.

அவர் மனைவி சொர்ணம், கல்யாணமான நாளிலிருந்து மின்விசிறி வேகத்துக்காக அவரோடு மல்லுக்கு நின்றவள். இப்போது அவர் எவ்வளவு கூட்டினாலும் பேசாமல் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறாள். "நீரு" என்று எகிறிய வாய், "நீங்க சொன்னா சரிதான்" என்கிறது, எழவு வீட்டுக் குரலில்.

"ஏட்டி, நான் இன்னும் சாகல. ஏதாவது ஏசு."

"உங்களப் போயி ஏசுவேனா?" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

பால்துரைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருப்பது ரெண்டு வருஷம்தான் என்றாலும், அதை வாழப்போவது தானா, கிருமியா?

மறுநாள் காலை கழிப்பறையைத் தாண்டி நேராகக் கொல்லைக்குப் போனார். சொர்ணம் பிள்ளை மாதிரி வளர்க்கும் கறிவேப்பிலைச் செடியின் அடியில் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு குந்தினார். வீட்டுக்குள் கழிப்பறை, சோதனைக்கு வரச் சொல்லி அவர் பெயரை அழைத்துக்கொண்டே இருந்தது.

அடுப்பங்கரை ஜன்னல் படாரென்று திறந்தது.

"கூறுகெட்ட மனுசா, அங்கயா ஒண்ணுக்குப் போறீரு? இனி ரசத்துக்கு உம்ம தலையையா கிள்ளிப் போடச் சொல்லுதீரு?"

முற்றம் பெருக்கும் வாரியலை ஓங்கிக்கொண்டு அவள் ஓடி வந்தாள். பால்துரை அவசரப்படாமல் முடித்துவிட்டு எழுந்தார்.

"நாளைக்கும் இங்கதான்," என்றார்.