சட்டைப்பையில் ஒரு பட்டன்

"எங்க வீட்டுக்காரர் சொன்னா எங்க கேட்டார், தம்பி? கம்ப்யூட்டரை ஒழுங்கா அணைக்கவே மாட்டார். பவர் பட்டன்ல வச்ச விரலை அஞ்சு செகண்டு எடுக்காம அழுத்திப் பிடிப்பார், அது செத்துப் போகும்," என்றாள் அந்த வீட்டு அக்கா. அவர் இறந்துபோய் ஒரு மாதம்தான் ஆகிறது.

பழுது பார்க்க வந்த மெக்கானிக் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தான். பட்டன் உள்ளே அமுங்கிக் கிடந்தது. ஒயரை வெட்டி, பட்டனைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பக்கத்திலிருந்த ரீசெட் பட்டனின் ஒயரைப் பவருக்கு மாற்றி மாட்டிவிட்டு, பிளக்கைச் செருகினான்.

"இனிமே இந்தச் சின்ன பட்டனை அமுக்குங்க அக்கா."

அவள் கையை நீட்டவே இல்லை. அவன் சட்டைப்பையில் 'டிக்' என்றது. கம்ப்யூட்டர் ஓட ஆரம்பித்தது.

"அட, தொடாமலே ஓடுதே! கில்லாடிதான் நீ."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்டிய ஒயர் பைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தான். சட்டைத் துணி ஒரு விரல்நுனி அளவுக்குக் குழிந்தது. மறுபடியும் 'டிக்'.

இந்தத் தடவை அழுத்தம் விலகவில்லை. நெஞ்சில் இறங்கிக்கொண்டே போனது. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று அவன் வாய் தானாக எண்ணியது.

நாலு என்றபோது அறை மங்கத் தொடங்கியது. கம்ப்யூட்டர் திரை மட்டும் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.